ஸ்கைரிம் திருடர் சங்கம்: சரிந்து கிடக்கும் கூடாரத்தை எடுத்து நிறுத்துவது எப்படி?

ஏப்ரல் 15 வந்துவிட்டால் எங்கள் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஜூன் 14 வரை, 61 நாள் தடைக்காலம். பள்ளிக்கூட விடுமுறையும் அதோடு சேர்ந்துகொள்ளும். போன தடைக்காலத்தில் மண்டபத்தில் இருக்கும் என் லாத்தா (அக்கா) மகன் கீழக்கரைக்கு, எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். துபாயிலிருந்து காக்கா (அண்ணன்) கொடுத்துவிட்ட பழைய லேப்டாப்பில் ஸ்கைரிம் என்ற கணினி விளையாட்டு இருந்தது. ராப்பகலாக உட்கார்ந்து அதில் வரும் திருடர் சங்கத்தின் கதையை நான்கே நாளில் முடித்துவிட்டு என்னிடம் வந்து நின்றான்.

"மாமா, கதை முடிஞ்சுபோச்சு. ஆனா என்னைத் தலைவர் ஆக்க மாட்டேங்குறாங்க. கூடாரமும் பழையபடியே காலியாக் கெடக்கு. கேம்ல ஏதும் கோளாறா?"

கோளாறு எதுவும் இல்லை. வெக்ஸ், டெல்வின் என்று இரண்டு பேர் சங்கத்தின் பதுங்குமிடமான கூடாரத்தில் உட்கார்ந்து சின்னச் சின்ன வேலைகள் கொடுப்பார்கள். அவர்களிடம் அவன் ஒரு தடவைகூடப் பேசியதில்லை.

ஸ்கைரிம் 2011 நவம்பர் 11 அன்று வெளிவந்த விளையாட்டு. புதிய பதிப்புகள் வந்த பிறகும் புதிதாக ஆடுபவர்கள் இதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். அதனால் அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததை அப்படியே இங்கே எழுதிவைக்கிறேன். சங்கத்தின் பெரிய கதையில் யார் துரோகி, யார் நல்லவர் என்றெல்லாம் சொல்லி உங்கள் சுவையைக் கெடுக்க மாட்டேன். இங்கே பேசப்போவது கூடாரத்தைப் பற்றித்தான்: ஆள் சேர்ப்பது, கடைகளை வரவழைப்பது, சரக்கை விற்பது, கடைசியில் தலைவர் நாற்காலி.

கிளம்பும் முன்

ஆட்டத்தின் தொடக்கத்தில் ரிவர்வுட் ஊருக்குப் போகும் வழியில் மூன்று கற்கள் நிற்கும். அதில் திருடன் கல்லைத் தொட்டுவிடுங்கள். பதுங்குவது, பூட்டுத் திறப்பது, சட்டைப்பையில் கைவிடுவது, பேச்சு போன்ற திறமைகள் 20 சதவீதம் வேகமாக வளரும். பெரிய வீரனாக ஆன பிறகுதான் சங்கத்தில் சேர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கை பழகாதபோதே சேர்ந்துவிட்டால் சின்ன வேலைகளே பயிற்சியாகிவிடும்.

அப்புறம், சேமிப்பு. தானாகச் சேமித்துக்கொள்ளும் என்று நம்பி இருக்காதீர்கள். எங்கள் தெருவில் மே மாதம் கரண்ட் எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. உப்புக்காற்று பட்டுப் பட்டு அந்த லேப்டாப்பின் பேட்டரியும் விசிறியும் ஒப்புக்குத்தான் இருக்கின்றன. ஒரு முறை மார்கார்த் நகரில் இரண்டரை மணி நேரம் பட்ட பாடு ஒரே நொடியில் போனது. அன்றிலிருந்து ஒவ்வொரு வேலையை வாங்கும் முன்னும் ஒன்று, உள்ளே நுழையும் முன் ஒன்று என்று தனித்தனிப் பெயரில் சேமிக்கிறேன். இந்தப் பழக்கத்துக்கு வேறொரு பயனும் உண்டு, கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

ரிஃப்டனில் நுழைவது

வரைபடத்தின் தென்கிழக்கு மூலையில், ஏரிக்கரையில் இருக்கிறது ரிஃப்டன். பலகைப் பாலங்கள், ஊருக்குள்ளேயே கால்வாய், வெளியே மீன் பதப்படுத்தும் கொட்டகை. மருமகன் பார்த்ததும் "நம்ம ஊரு வாடை அடிக்குது மாமா" என்றான். வாசலில் ஒரு காவலன் நுழைவு வரி கேட்பான். அது வரியே இல்லை, வழிப்பறி. கொடுக்காமல் எதிர்த்துப் பேசிப் பாருங்கள், பெரும்பாலும் விட்டுவிடுவான்.

பகலில் சந்தைக்குப் போனால் பிரின்யால்ஃப் என்ற செந்தாடிக்காரர் மருந்து விற்கிறேன் என்று கூவிக்கொண்டிருப்பார். அவரே உங்களைப் பார்த்துப் பேச்சுக் கொடுப்பார். அவர் ஊர்க் கவனத்தைத் தன் பக்கம் இழுத்துவைத்திருக்கும்போது நீங்கள் மடேசி என்பவரின் கடைக்கு அடியில் உள்ள பெட்டியிலிருந்து மோதிரத்தை எடுத்து, பிராண்ட்-ஷெய் என்பவரின் சட்டைப்பையில் போட்டுவிட வேண்டும். பையில் போடும்போது மாட்டிக்கொண்டால் பதறாதீர்கள். சொதப்பினாலும் பிரின்யால்ஃப் உங்களைச் சேர்த்துக்கொள்வார். இந்த ஒரு வேலைக்காக மருமகன் பதினோரு தடவை பழைய சேமிப்புக்குத் திரும்பினான், பாவம்.

பிறகு ரேட்வே என்னும் பாதாளச் சாக்கடை வழியாக ரேக்ட் ஃப்ளாகன் சாராயக்கடையைக் கண்டுபிடிக்க வேண்டும். அங்கே அடுத்த வேலை கிடைக்கும்: கடன் பாக்கி வைத்திருக்கும் மூன்று பேரிடம் வசூல். கீராவா, பெர்சி, ஹேல்கா. யாரையும் கொல்லக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லித்தான் அனுப்புவார்கள். அடிதடியும் தேவைப்படாது. பெர்சியின் கடையில் இருக்கும் பெரிய சாடியை உடைத்தால் பணம் வரும். ஹேல்காவின் சிலையைத் தூக்கிக் கிணற்றில் போட்டுவிடுவேன் என்றால் வரும். கீராவாவுக்கு வேறொரு வழி. அவளோடு இருக்கும் டேலன்-ஜெய்யிடம் நயமாகப் பேசினால், அவள் எதற்குப் பயப்படுவாள் என்று சொல்லிவிடுவான்.

வசூல் முடிந்ததும் சிஸ்டர்ன் என்ற உள்கூடாரத்துக்குள் விடுவார்கள். நடுவில் தண்ணீர், சுற்றிலும் கட்டில்கள், ஈரம் ஊறிய கல்சுவர். ஒரு காலத்தில் ஊரையே ஆட்டிவைத்த சங்கம் இப்போது கையில் காசில்லாமல் நொடித்துப்போய்க் கிடக்கும். டொனிலியா என்பவளிடம் கேட்டுச் சங்கத்தின் உடுப்பை வாங்கிக்கொள்ளுங்கள். அதன் மேல்சட்டையைப் போட்டால் 20 அளவு கூடுதலாகச் சுமக்கலாம். திருட்டுத் தொழிலில் இது சாதாரணமில்லை. இனி சாக்கடை வழியாக வரவும் தேவையில்லை. ஊர் இடுகாட்டில் ஒரு சின்ன மண்டபம் இருக்கிறது. அதனுள் உள்ள கல்பெட்டியில் பொத்தானை அமுக்கினால் தரை திறந்து நேரே கூடாரத்துக்கு இறங்கலாம்.

சின்ன வேலைகள்

இங்கிருந்துதான் உண்மையான கூடார நிர்வாகம் தொடங்குகிறது. நிதானமாகப் படியுங்கள்.

மார்கார்த், சாலிட்யூட், வைட்ரன், விண்ட்ஹெல்ம் ஆகிய நான்கு நகரங்களில் சங்கத்தின் கை ஓங்க வேண்டும். ஒவ்வொரு நகரத்திலும் ஐந்து சின்ன வேலைகள் முடித்தால்தான் அந்த நகரத்தின் சிறப்பு வேலை ஒன்று திறக்கும். நான்கு ஐந்து இருபது. அந்த இருபதோடு நான்கு சிறப்பு வேலைகளும் முடிந்தால்தான் கூடாரம் நிறைந்து தலைவர் பதவி பக்கத்தில் வரும். பெரிய கதையை எவ்வளவு வேகமாக முடித்தாலும் இதற்குக் குறுக்குவழி கிடையாது. அதனால் சங்கத்தில் சேர்ந்த அன்றைக்கே இரண்டு பேரிடமும் ஆளுக்கொரு வேலை வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய கதை உங்களை எப்படியும் ஊர் ஊராக அலையவைக்கும். போகிற ஊரில் இதையும் முடித்துக்கொண்டு வந்தால் தனி அலைச்சல் இல்லை.

டெல்வின் மூன்று வகை வேலை கொடுப்பார். நம்பர்ஸ் என்றால் ஒரு கடையின் கணக்குப் புத்தகத்தைத் திருத்துவது. இருப்பதிலேயே சுலபமானது இதுதான். புத்தகம் பெரும்பாலும் கல்லாப் பக்கத்திலோ உள்ளறையிலோ இருக்கும். குனிந்து போய்த் தொட்டால் வேலை முடிந்தது. ஏலக்கடைச் சிட்டையில் ஒரு சுழி கூட்டிப் போடுவதை நம் பக்கத்தில் யாராவது பார்த்துவிட்டால் தெருவே கூடிவிடும். இங்கே ஈ காக்காய் கண்டுகொள்ளாது.

பெட்லாம் என்றால் சொன்ன நகரத்தில் 500 பொன் மதிப்புக்குத் திருட வேண்டும். எந்த வீடு, என்ன பொருள் என்ற கட்டுப்பாடு கிடையாது. இதில் புதியவர்கள் செய்யும் தப்பு, கண்ணில் பட்ட முட்டைக்கோசையும் மரக்கிண்ணத்தையும் அள்ளுவது. அப்படி 500 சேர்ப்பதற்குள் விடிந்துவிடும், முதுகும் தாங்காது. நகை, கல் பதித்த மோதிரம், விலையுள்ள ஆயுதம் என்று பார்த்து நான்கைந்தை மட்டும் எடுங்கள்.

மூன்றாவதுக்கு ஃபிஷிங் என்று பெயர். நாட்குறிப்பில் இந்தச் சொல்லைப் பார்த்ததும் மருமகன் குதித்து எழுந்தான். "மாமா, வலை எந்தக் கடைல வாங்கணும்?" மண்டபத்துப் பிள்ளைக்கு வேறென்ன தோன்றும்! வலையும் இல்லை, வள்ளமும் இல்லை. குறித்த ஓர் ஆளின் சட்டைப்பையிலிருந்து குறித்த பொருளை உருவுவதுதான் இந்த வேலை. ஆள் முதுகைக் காட்டி நிற்கும்போது குனிந்து போங்கள். எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று திரையிலேயே காட்டும். எவ்வளவு தேர்ந்தாலும் அது 90-ஐத் தாண்டாது. அதாவது, பத்துக்கு ஒன்று எப்படியும் சொதப்பும். முன்னால் சேமிப்பு இருக்கட்டும்.

வெக்ஸின் வேலைகள் நான்கு வகை. பர்க்லரியில் ஒரு வீட்டிலிருந்து குறித்த ஒரு பொருளை எடுக்க வேண்டும், ஸ்வீப்பில் மூன்று பொருள்கள். ஹைஸ்ட் என்பது கடையின் பணப்பெட்டிக்குள் இருப்பதை எடுப்பது. ஷில் இவற்றுக்கு நேர் எதிர்: வெக்ஸ் கொடுக்கும் பொருளை ஒருவர் வீட்டுப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வர வேண்டும், பழி அவர் தலையில் விழும். எனக்குச் செய்ய மனசே வராத வேலை இது. ஆனால் எடுப்பதைவிட வைப்பது எளிது என்பதால் கணக்குக்கு உதவும்.

வீட்டு வேலைகளுக்கு நடுராத்திரிதான் நேரம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ராத்திரியில் வீட்டுக்காரர் வீட்டில்தானே இருப்பார்? தூங்கினாலும் ஆபத்துதான். சந்தையில் கடை போடுகிறவரின் வீடு என்றால் பகலில் போங்கள், வீடு காலியாகக் கிடக்கும். கதவுப் பூட்டைத் திறக்கும்போது மட்டும் தெருவில் யாரும் பார்க்கக் கூடாது. கடைகளுக்கு இதைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்.

எந்த நகரத்தில் வேலை என்பது குலுக்கல் மாதிரி விழும். வைட்ரனில் ஐந்து முடித்த பிறகும் ஆறாவதாக வைட்ரனே விழலாம். அப்போது இரண்டு வழி உண்டு. ஒன்று, இந்த வேலை வேண்டாம் என்று அவரிடமே சொல்லிவிட்டு வேறு கேட்பது. அதற்குத் தண்டனை எதுவும் இல்லை. இரண்டாவது, நான் முன்னே சொன்ன சேமிப்புப் பழக்கம். வேலை கேட்கும் முன் சேமித்துவிட்டு, விழுந்த நகரம் பிடிக்கவில்லை என்றால் திரும்பி வந்து மறுபடி கேளுங்கள். வெக்ஸ், டெல்வின் இரண்டு பேர் வேலையும் ஒரே நகரத்தில் விழும்வரை நான் விடமாட்டேன். ஒரு பயணத்தில் இரண்டு வேலை என்றால் இருபது வேலை பத்துப் பயணமாகிவிடும். இது ஏமாற்று என்று சிலர் சொல்வார்கள். திருடர் சங்கத்தில் உட்கார்ந்துகொண்டு இதற்கெல்லாம் கூச்சப்படலாமா?

எந்த நகரத்தில் எத்தனை முடிந்தது என்று காகிதத்தில் கோடு போட்டு வையுங்கள். மனக்கணக்கு கட்டாயம் தப்பும். எங்கள் வீட்டில் அது நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் நான்கு கட்டமாக இருந்தது.

மாட்டிக்கொண்டால்

வேலை நடக்கும் இடத்தில் யாரையும் கொல்லாதீர்கள். சங்கத்தின் வழக்கம் அது. மீறினால் வேலை கெட்டுப்போகும். காவலரிடம் சிக்கிச் சிறைக்கோ அபராதத்துக்கோ போனால் திருடிய பொருள்கள் எல்லாவற்றையும் பறித்துக்கொள்வார்கள். பாதி பெட்லாம் செய்துவிட்டு மாட்டுவதைப்போல எரிச்சல் வேறில்லை.

ஆனால் சங்கத்து ஆளுக்கு ஒரு சலுகை இருக்கிறது. காவலர் நிறுத்தும்போது, தான் சங்கத்து ஆள் என்று சொல்லிக் கையில் கொஞ்சம் தள்ளுவதற்கு ஒரு பதில் வரும். பணம் போகும், சரக்கு தப்பும். ஒரு மாகாணத்தில் உங்கள் மேல் விழுந்த குற்றத்தொகை இன்னொரு மாகாணத்தில் செல்லாது என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரே நகரத்தைப் போட்டு வதைக்காமல் மாறி மாறிப் போவது நல்லது. எங்கள் பக்கத்தில் வடகடலில் அடித்தால் தென்கடலுக்குப் போவதைப் போலத்தான்.

சங்கத்து ஆட்களைத் தவறிக்கூட அடித்துவிடாதீர்கள். அடித்தால் வெளியே தள்ளுவார்கள், காசு கட்டித்தான் திரும்பச் சேர வேண்டியிருக்கும்.

நான்கு சிறப்பு வேலைகள்

ஐந்து முடிந்ததும் டெல்வினிடம் போனால் அந்த நகரத்துப் பெரிய மனிதர் ஒருவருக்கு உதவி தேவைப்படுகிறது என்று அனுப்புவார்.

மார்கார்த்தில் எண்டன் என்ற வெள்ளி வேலைக்காரர். அவருடைய வார்ப்பு அச்சைக் கொள்ளைக்கூட்டம் தூக்கிப்போய்விட்டது. அது பைன்வாட்ச் என்ற வீட்டின் அடியில் ஒளிந்திருக்கும் குகைக்குள் இருக்கும். சண்டை உண்டு, அம்பு நிறைய எடுத்துப் போங்கள்.

சாலிட்யூடில் எரிக்கூர். டெயிண்டி ஸ்லோட் என்ற கப்பலின் தலைவர் மேல் அவருக்குக் கோபம். சாலிட்யூட் துறைமுகத்தில் நிற்கும் ரெட் வேவ் கப்பலில் சபீன் என்பவளிடமிருந்து பால்மோரா ப்ளூ என்ற கள்ளச்சரக்கை எடுத்து, டெயிண்டி ஸ்லோட் தலைவருடைய பெட்டியில் வைக்க வேண்டும். சபீனிடம் விலைக்கு வாங்கினால் 1500 பொன். திருடனாக இருந்துகொண்டு காசு கொடுத்து வாங்குவது எனக்கு ஒப்பவில்லை. அவள் சாவியை உருவினேன். டெயிண்டி ஸ்லோட்டில் உள்ள மாலுமிகள் கண்டதும் வெட்டுவார்கள். கப்பலுக்குள் ஒளிய இடம் குறைவு, அதனால் நின்று நிதானமாக நகருங்கள். நான்கில் எனக்குப் பிடித்தது இதுதான். கடல்புறத்தில் பிறந்தவன் என்பதால்கூட இருக்கலாம்.

வைட்ரனில் ஓல்ஃப்ரிட் பேட்டில்-பார்ன். அவருடைய நண்பர் ஒருவர் வேறு பெயரில் சிறையில் இருக்கிறார். உண்மைப் பெயர் வெளியே வந்தால் தலை போகும். டிராகன்ஸ்ரீச் கோட்டையில் ஒரு கடிதத்தை எடுத்துவிட்டு, சிறைப் பதிவேட்டைத் திருத்த வேண்டும். சண்டையே வேண்டாம், பதுங்கினால் போதும். புதியவர்கள் இதை முதலில் செய்வது நல்லது.

விண்ட்ஹெல்மில் டார்ஸ்டன் குரூவல்-ஸீ. சம்மர்செட் ஷேடோஸ் என்ற போட்டித் திருடர் கூட்டத்தை ஒழித்து, அவர் மகளின் பதக்கத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சந்தையில் நிரான்யே என்பவளிடம் பேசி அந்தக் கூட்டம் இருக்கும் குகையைத் தெரிந்துகொள்ளுங்கள். கொலை கூடாது என்ற சங்கத்தின் வழக்கத்துக்கு இந்த வேலை மட்டும் விலக்கு. நான்கில் கடினமானதும் இதுதான். கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூடாரம் நிறைவது

ஒவ்வொரு சிறப்பு வேலை முடிந்து திரும்பும்போதும் ரேக்ட் ஃப்ளாகனைச் சுற்றிப் பாருங்கள். காலியாகக் கிடந்த மாடங்களில் ஒவ்வொருவராகக் கடை போட்டிருப்பார்கள். அம்பு விற்க சிண்டஸ், மருந்துச் சரக்குக்கு ஹெர்லூயின், கொல்லர் ஆர்ன்ஸ்கர், கவசத்துக்கு வான்ரித். சிஸ்டர்னிலும் புது முகங்கள் தெரியும். தடைக்காலம் முடிந்த மறுநாள் படகுத்துறையில் ஐஸ் வண்டி, டீக்கடை, வலைக்காரர்கள் என்று ஒரே நாளில் உயிர் வருமே, அந்த மாதிரி இருக்கும்.

ஆனால் பலரும் கவனிக்காத பெரிய மாற்றம் டொனிலியாவின் பையில் நடக்கிறது. திருட்டுச் சரக்கைச் சாதாரணக் கடைக்காரர்கள் வாங்கமாட்டார்கள். அதற்கென்றே இருக்கும் ஆட்களிடம்தான் தள்ள வேண்டும். சங்கத்தில் அந்த ஆள் டொனிலியா. தொடக்கத்தில் அவளிடம் 1000 பொன்தான் இருக்கும். நீங்கள் 3000 பொன் சரக்கோடு போய் நின்றால் மூன்றில் ஒரு பங்கைத்தான் விற்க முடியும். கரையில் இறால் குவிந்து கிடக்கும்போது வாங்குகிறவர் கையில் காசில்லை என்றால் சரக்கு என்னவாகும்? இங்கே நாறாது என்பது ஒன்றுதான் ஆறுதல். சிறப்பு வேலைகள் முடிய முடிய அவளிடம் இருக்கும் பணம் கூடிக்கொண்டே போய் 4000 வரை எட்டும். அதாவது நகரங்களில் வேலை செய்யச் செய்ய உங்கள் சரக்குக்கு விற்பனை பெருகுகிறது. நான் சின்ன வேலைகளைப் பிடித்துத் தொங்குவதற்குப் பதவியைவிட இதுதான் காரணம்.

வாங்குபவர்களின் பணம் ஆட்டத்தின் நேரப்படி 48 மணிக்கு ஒரு தடவை நிறையும். காத்திருக்கவோ தூங்கவோ செய்யலாம். ஒரே ஆளை நம்பாமல் வலையை விரித்துப் போடுங்கள்: எண்டனுக்கும் நிரான்யேவுக்கும் உதவிய பிறகு அவர்களே வாங்குவார்கள். பெரிய கதையின் வழியில் மாலஸ், குலம்-ஐ என்று இன்னும் இரண்டு பேர் கிடைப்பார்கள். டொனிலியா சர்க்கரைச் சரக்கு ஒன்றைக் கொடுத்து ரிசாத் என்ற வணிகரிடம் சேர்க்கச் சொல்லும்போது மறுக்காதீர்கள். அதைச் சேர்த்துவிட்டால் ஊருக்கு வெளியே கூடாரம் போடும் காஜீத் என்ற பூனை இன வணிகர்களும் திருட்டுச் சரக்கை வாங்க ஆரம்பிப்பார்கள்.

கூடாரத்தில் பயிற்சியும் கிடைக்கும். வெக்ஸிடம் பூட்டு, டெல்வினிடம் பதுங்கல், விப்பிரிடம் சட்டைப்பை. ஒவ்வொரு நிலை ஏறும்போதும் ஐந்து தடவை பயிற்சி எடுக்கலாம். பயிற்சிக்குக் கொடுத்த காசை அதே ஆசிரியரின் பையிலிருந்து உருவிக்கொள்ளும் பழைய தந்திரம் ஒன்று உண்டு. தொகை பெரிதாக ஆக வாய்ப்புக் குறையும், ஆகவே சின்னத் தொகையாக இருக்கும்போதே செய்யுங்கள். குருவிடமே கைவைப்பது பாவம்தான். குருவும் திருடர் என்பதால் மன்னிக்கலாம் என்று நினைக்கிறேன்.

வழியில் பளபளக்கும் விநோதக் கல் ஒன்று சின்னப் பெட்டிக்குள் கிடைத்தால் கட்டாயம் எடுத்துவையுங்கள். அது என்னவென்று வெக்ஸ்தான் சொல்வாள். மொத்தம் 24 இருக்கின்றன. கோட்டைகளுக்கும் மாளிகைகளுக்கும் உள்ளே சிதறிக் கிடப்பதால் வேலைக்காக நுழையும்போதே தேடிக்கொள்வது லாபம்.

தலைவர் ஆன பிறகு

பெரிய கதையும் முடிந்து நான்கு சிறப்பு வேலைகளும் முடிந்தால் பிரின்யால்ஃப் கூட்டம் போட்டு உங்களைத் தலைவர் ஆக்குவார். புது உடுப்பு, கழுத்துக்கு ஒரு பதக்கம், காணிக்கைப் பெட்டியின் சாவி எல்லாம் கிடைக்கும். கதையின் முடிவில் கையில் ஒரு மாயச் சாவி இருக்கும். எந்தப் பூட்டில் போட்டாலும் உடையாது. அதை உரிய இடத்தில் திருப்பி வைத்தால்தான் கதை நிறைவடையும். சிலர் ஆசைப்பட்டு வைத்துக்கொள்கிறார்கள். பூட்டுத் திறமை கொஞ்சம் வளர்ந்துவிட்டால் அந்தச் சாவி பெரிதாகத் தேவைப்படாது. திருப்பி வையுங்கள், பதிலுக்குக் கிடைக்கும் சக்தி சங்கத்து ஆளுக்கு இன்னும் பயன்படும்.

ஒரு விஷயத்தில் ஏமாறக் கூடாது என்பதால் சொல்லிவிடுகிறேன். தலைவர் ஆனதும் ஆட்களை இங்கே போ, அங்கே போ என்று ஏவலாம் என்று மருமகன் கனவு கண்டுகொண்டிருந்தான். அப்படி எதுவும் இல்லை. வெக்ஸ் அப்போதும் உங்களைத்தான் வேலைக்கு அனுப்புவாள். சம்மாட்டி (படகு முதலாளி) ஆன பிறகும் தானே வலை இழுக்கிற ஆள் நீங்கள். பங்கு மட்டும் காணிக்கைப் பெட்டியில் வந்து விழும். அடிக்கடி திறந்து பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சொந்தச் சாமான்களைக் கூடாரத்தில் கண்ட பெட்டியில் போட்டுவைக்காதீர்கள். ஆட்டத்தில் பல பெட்டிகள் சில நாள் கழித்துத் தாமாகவே புதுப்பித்துக்கொள்ளும், அப்போது உள்ளே வைத்தது காணாமல் போய்விடும். ரிஃப்டனிலேயே ஹானிசைட் என்ற வீடு 8000 பொன்னுக்குக் கிடைக்கும். ஊர்த்தலைவரின் நம்பிக்கையைப் பெற்ற பிறகு அதை வாங்கலாம். கூடாரத்திலிருந்து நடக்கிற தூரம்தான். சேர்த்த நகைகளை அங்கே வைத்துவிட்டு, இரண்டு நாளைக்கு ஒரு தடவை டொனிலியாவிடம் 4000 பொன்னுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் என் வழக்கம்.

மருமகன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். ஜூன் இரண்டாம் வாரத்தில் லாத்தா வந்து அழைத்துப் போனபோது நாள்காட்டித் தாளில் வைட்ரனுக்கு ஐந்து கோடு, சாலிட்யூடுக்கு ஐந்து, மார்கார்த்துக்கு நான்கு, விண்ட்ஹெல்முக்கு ஒன்று. லேப்டாப்பைக் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். தாளை மட்டும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான். பஸ் ஏறிய பிறகுதான் பார்த்தேன், என் பென்டிரைவையும் காணோம்.